நிறம் மாறிய பூவும் வளராத பீன்ஸும்

கேள்வி: வீட்டை ஒட்டிய நிலத்தில் இரண்டு பருவமாக பீன்ஸும் மக்காச்சோளமும் போடுகிறேன். முளைப்பு நன்றாக இருக்கிறது. மூன்று வாரம் ஆனதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. மக்காச்சோள இலை ஊதா நிறமாகிறது, பீன்ஸ் வெளிறிப்போகிறது. அடிமண்ணில் ஈரம் இருக்கும்போதே செடிகள் வெயிலில் வாடுகின்றன. மண் பரிசோதனையில் அமில நிலையைக் காட்டும் பி.எச். 4.6, மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவு என்று வந்தது. இரண்டு முறை மணிச்சத்துக்காக டி.ஏ.பி. உரம் போட்டும் பலன் இல்லை. ஆனால் அதே நிலத்தின் ஓரத்தில் தேயிலைச் செடிகள் செழித்து நிற்கின்றன. வாங்கும்போது இளஞ்சிவப்பாகப் பூத்த ஹைட்ரேஞ்சியா இப்போது நீலமாகப் பூக்கிறது. மண்ணில் அலுமினிய நச்சு இருக்கிறது, அதில் விளைவதைச் சாப்பிடக்கூடாது என்கிறார் ஒருவர். சுண்ணாம்பை மூட்டை மூட்டையாகக் கொட்டச் சொல்கிறார் இன்னொருவர். ஒரே மண் ஒரு செடிக்கு ஆகாமலும் இன்னொன்றுக்கு ஒத்தும் போவது எப்படி? நான் என்ன செய்ய வேண்டும்?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் கண் போய் நின்றது ஹைட்ரேஞ்சியாவில்தான். பரிசோதனை அறிக்கை சொல்லாத ஒன்றை அந்தச் செடி பூவிலேயே காட்டிவிட்டது. அதன் இளஞ்சிவப்புக்கும் நீலத்துக்கும் அடிப்படை நிறமி ஒன்றுதான். வேர் வழியாக ஏறி வரும் அலுமினியம் இதழில் அந்த நிறமியோடு சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் இளஞ்சிவப்பு. ஆகவே உங்கள் மண்ணின் ஈரத்தில் அலுமினியம் கரைந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பீன்ஸையும் மக்காச்சோளத்தையும் முடக்குவது அதுதான் என்பது என் கணிப்பு. அதை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழியும் சொல்கிறேன்.

நச்சு என்றதும் யாரோ எதையோ கொண்டுவந்து கொட்டிவிட்டது போலத் தோன்றும். அப்படி எதுவும் நடக்கவில்லை. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 8 சதவீதம் அலுமினியம். ஆக்சிஜனுக்கும் சிலிக்கானுக்கும் அடுத்து அதிகம் இருப்பது அதுதான். களிமண் என்பதே பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்ந்து அடுக்கடுக்காக அமைந்த பொருள். பி.எச். 5.5-க்கு மேல் இருக்கும் வரை அலுமினியம் அந்த அடுக்குகளுக்குள் அடங்கிக் கிடக்கும், செடிக்குத் தொல்லை தராது. 5-க்குக் கீழே இறங்கினால் அது கரைந்து, மூன்று நேர்மின்னூட்டம் உள்ள அயனியாக மண்ணின் நீரில் உலவத் தொடங்கும். பி.எச். ஒரு புள்ளி இறங்கினால் அமிலம் 10 மடங்கு கூடுகிறது, வேதியியல் கணக்குப்படி இந்த அயனியோ 1,000 மடங்கு வரை கூடலாம். 5.6-க்கும் 4.6-க்கும் காகிதத்தில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். வேருக்கு அது இரண்டு வேறு நிலங்கள். மழை மிகுந்த இடங்களில் காலங்காலமாகக் கால்சியமும் மக்னீசியமும் கரைந்து ஓடிப்போவதால் மண் இப்படி ஆகிறது. பனி மூடாத உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் அமில மண்தான்.

இனி வேருக்கு வருவோம். ஏனென்றால் எல்லாம் நடப்பது அங்கேதான், அதுவும் வேர் முழுவதிலும் இல்லை. 1993-ல் மக்காச்சோள வேர்களில் ஒரு சோதனை செய்தார்கள். வேரின் வெவ்வேறு பகுதிகளை மட்டும் தனித்தனியாக அலுமினியம் படும்படி வைத்துப் பார்த்தார்கள். முதிர்ந்த பகுதி முழுவதும் அலுமினியத்தில் இருந்தும், நுனி மட்டும் படாமல் இருந்தால் வேர் கிட்டத்தட்ட வழக்கம்போல வளர்ந்தது. கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நுனியில் மட்டும் பட்டாலே வளர்ச்சி தடைப்பட்டது. ஒரு செடியின் தலைவிதியே நகத்தின் நுனி அளவுள்ள அந்த இடத்தில் முடிவாகிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

அந்த நுனியில் செல் சுவரில் பெக்டின் என்ற பசைப்பொருள் இருக்கிறது. கால்சியம் உட்கார வேண்டிய இடங்களில் அலுமினியம் போய் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. சுவர் விறைத்துப்போகிறது, செல்லால் நீள முடிவதில்லை. தாங்காத வகைகளில் சில மணி நேரத்துக்குள்ளேயே வேரின் நீட்சி குறைந்துவிடும். நாள் போகப்போக வேர் குட்டையாக, தடித்து, பழுப்பேறி, தொட்டால் ஒடிவதாக ஆகும். சன்னமான கிளைவேர்கள் இருக்காது, இருந்தாலும் மொட்டை மொட்டையாக நிற்கும்.

உங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் இதில் விடை இருக்கிறது. முதல் சில வாரம் விதையில் இருந்த மணிச்சத்தை வைத்தே நாற்று வளர்ந்துவிடும், அதனால் முளைப்பில் குறை தெரியாது. அந்த இருப்பு தீர்ந்ததும் வேர் வெளியே போய்த் தேட வேண்டும், நுனி முடங்கிய வேரால் போக முடியாது. ஊதா இலை மணிச்சத்துப் பசியின் அடையாளம். வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடுவதால், மேலே காய்ந்ததும் கீழே ஈரம் இருந்தும் செடி வாடுகிறது.

அப்படியென்றால் டி.ஏ.பி. ஏன் உதவவில்லை? மணிச்சத்து மண்ணில் நகர்வதே அரிது. போட்ட இடத்திலிருந்து சில மில்லிமீட்டர்தான் பரவும், வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். அமில மண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. போட்ட மணிச்சத்தில் பெரும்பகுதியை அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்துக்கொள்ளும். அறிக்கையில் "மிகக் குறைவு" என்று வந்தது செடிக்குக் கிடைக்கக்கூடிய மணிச்சத்து மட்டும்தான். பூட்டப்பட்டுக் கிடப்பது அந்த எண்ணில் வராது.

டி.ஏ.பி.யில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியம் வடிவில் இருக்கிறது. மண் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகும். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1856-ல் தொடங்கி இன்றுவரை நடக்கும் பார்க் கிராஸ் புல்வெளிச் சோதனை சாட்சி. அங்கே ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் பெற்று, சுண்ணாம்பு பெறாத துண்டுகளில் பி.எச். 4-க்கும் கீழே போய்விட்டது. பல வகைப் புல் பூண்டு இருந்த இடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய வகைகளே மிஞ்சின. நீங்கள் இரண்டு முறை போட்டதால் நிலம் கெட்டுவிடவில்லை, அதற்காக வருந்த வேண்டாம். ஆனால் நோய் இருக்கும் இடத்துக்கு அந்த மருந்து போய்ச் சேரவில்லை. நானும் பணியில் சேர்ந்த புதிதில் இலையை மட்டும் பார்த்து உரம் சொல்லியிருக்கிறேன். தோண்டி வேரைப் பார்க்காமல் சொன்ன அந்தப் பரிந்துரைகளை நினைத்தால் இப்போதும் மனம் உறுத்துகிறது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. ஒரே மண்ணில் சில செடிகள் எப்படிச் சமாளிக்கின்றன?

கோதுமையில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த ரகசியம் தெளிவாகப் புரிந்தது அதில்தான். பிரேசிலின் அமில மண்ணில் பண்படுத்தப்பட்ட கராசின்யோ என்ற கோதுமை அலுமினியத்தைத் தாங்கியது. எதனால் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதன் தாங்கும் திறனைப் பெற்ற ஒரு வகையையும், மற்றபடி அதே மாதிரியான ஆனால் தாங்காத இன்னொரு வகையையும் ஆஸ்திரேலியாவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து 1993-ல் விடை கண்டார்கள். அலுமினியம் பட்ட சில நிமிடங்களில் தாங்கும் வகையின் வேர் நுனி மாலிக் அமிலத்தைக் கசியவிடுகிறது, தாங்காத வகையைவிட 5 முதல் 10 மடங்கு அதிகமாக. புளிப்பான ஆப்பிளில் இருக்கும் அதே அமிலம்தான். அது அலுமினியத்தை வளைத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட அலுமினியம் செல் சுவரில் ஒட்டாது, அதன் நஞ்சு அடங்கிவிடும். 2004-ல் இதற்குக் காரணமான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். அது செல்லின் சவ்வில் உள்ள ஒரு கதவை உருவாக்குகிறது. அந்தக் கதவைத் திறக்கும் சாவி அலுமினியமேதான். அலுமினியம் வராதபோது கதவு மூடியிருக்கும், செடி உழைத்துச் சேர்த்த கரிமச்சத்து வீணாகாது. ஆபத்து வந்து தட்டினால்தான் திறக்கும். நிலம் முழுவதையும் செடி மாற்றப் பார்க்கவில்லை, தன் நுனியைச் சுற்றி ஒரு மெல்லிய படலத்தை மட்டும் காக்கிறது. அது போதும்.

சோளம் இதே வேலைக்கு சிட்ரிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறது. அதன் மரபணு 2007-ல் தெரியவந்தது. பார்லியின் கதை இன்னும் அழகு. அதில் சிட்ரிக் அமிலத்தை வெளியேற்றும் புரதம் முதலில் இருந்தது வேறு வேலைக்கு, இரும்பை வேரிலிருந்து தண்டுக்கு ஏற்றி அனுப்புவதற்கு. சில பார்லி வகைகளில் அந்த மரபணுவுக்கு முன்னால் ஒரு சிறு துண்டு புதிதாகச் செருகப்பட்டதால், அதே புரதம் வேர் நுனியிலும் வேலை செய்ய ஆரம்பித்தது. அமில மண்ணில் அந்த வகைகள் பிழைத்துக்கொண்டன.

உங்கள் தேயிலை வேறு வழிக்காரர். அது அலுமினியத்தைத் தடுப்பதில்லை, உள்ளே விட்டு, தீங்கு செய்யாத இடத்தில் பூட்டி வைக்கிறது. வயதான இலைகளில் உலர்ந்த எடையில் 3 சதவீதம் வரைகூட அலுமினியம் அளக்கப்பட்டிருக்கிறது. கொழுந்தில் அதைவிட மிகக் குறைவு. ஓரளவு அலுமினியம் இருந்தால் தேயிலையின் வேர் இன்னும் நன்றாகவே வளர்கிறது. ஹைட்ரேஞ்சியா தன் இலைச் செல்லின் நீரில் சிட்ரிக் அமிலத்தோடு கட்டி வைக்கிறது. நெல் கொஞ்சம் அலுமினியத்தைச் செல் சுவரிலிருந்து உள்ளே இழுத்து, செல்லின் நடுவில் உள்ள வெற்றிடப்பையில் அடைத்துவிடுகிறது. சுவரில் இருப்பதைவிட பைக்குள் இருப்பது அதற்குப் பாதுகாப்பு.

மணிச்சத்துப் பஞ்சத்தைச் சமாளிப்பதிலும் செடிகளுக்குத் தனித்தனிக் கை உண்டு. துவரையின் வேர் பிசிடிக் அமிலம் என்ற ஒன்றைக் கசியவிட்டு, இரும்போடு கட்டுண்ட மணிச்சத்தையே அவிழ்த்து எடுக்கிறது. 1990-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பை நான் பயறு வகைகளின் பெருமைகளில் முதலில் வைப்பேன். வெள்ளை லூபின் என்ற பயறு, புட்டி கழுவும் தூரிகை போலக் கொத்துக்கொத்தாகக் குறுவேர்களை விட்டு, அங்கே அமிலத்தைக் குவித்துப் பூட்டைத் திறக்கிறது. மரவள்ளிக்கு வேர் குறைவு, சன்னமும் இல்லை. ஆனால் வேர்ப்பூஞ்சையோடு அது வைத்துக்கொள்ளும் கூட்டு மிக வலுவானது. பூஞ்சையின் இழைகள் வேர் எட்டாத தூரத்துக்குப் போய் மணிச்சத்தைக் கொண்டுவரும், பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கும். பீன்ஸிலும் சில வகைகள் வேரைச் சாய்வாக, மேல்மண்ணிலேயே பரப்பும். மணிச்சத்து அதிகம் இருப்பது மேல்மண்ணில் என்பதால் அது லாபம், வறட்சி வந்தால் அதுவே நஷ்டம். எந்த உத்தியும் விலையில்லாமல் வருவதில்லை.

மாங்கனீஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அமில மண்ணில் அதுவும் அதிகமாகக் கரையும், நீர் தேங்கினால் இன்னும் கூடும். ஆனால் அது வேரை விட்டுவிட்டு இலையைத் தாக்கும். முதிர்ந்த இலைகளில் பழுப்புப் புள்ளி, இளம் இலைகளில் சுருக்கம் என்று தெரியும். நீங்கள் அப்படி எதையும் எழுதவில்லை. இருந்தாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீன்ஸ் வெளிறுவதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கலாம். அதன் வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கு அமிலம் ஆகாது, கால்சியக் குறைவும் ஆகாது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்க அதற்கு மாலிப்டினம் வேண்டும், துளியளவுதான், ஆனால் இல்லாமல் முடியாது. மற்ற நுண்சத்துகள் பல அமில மண்ணில் எளிதாகக் கிடைக்கும்போது மாலிப்டினம் மட்டும் எதிர்மாறாகப் பூட்டிக்கொள்ளும். முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுப்பாக இருந்தாலோ, முடிச்சே இல்லாவிட்டாலோ, நடக்கவில்லை.

சாப்பிடலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சாப்பிடலாம். பீன்ஸ், மக்காச்சோளம் போன்ற பெரும்பாலான பயிர்களில் அலுமினியம் வேரிலேயே தங்கிவிடும், காய்க்கும் தானியத்துக்கும் மிகச் சிறிதுதான் ஏறும். தேயிலை, ஹைட்ரேஞ்சியா போல இலையில் சேர்த்து வைப்பவை விதிவிலக்குகள். இந்த நஞ்சு வேருக்கு நேரும் துன்பம். உங்கள் தட்டுக்கு வரும் ஆபத்தாக அதை எண்ணிப் பயப்பட வேண்டாம்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதலில் ஒரு பீன்ஸ் செடியைப் பிடுங்காமல் சுற்றித் தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். நான் மேலே சொன்ன மாதிரி குட்டையாக, மொட்டையாக இருந்தால் பாதி உறுதி. மீதிக்கு மூன்று தொட்டிகள் வேண்டும். மூன்றிலும் உங்கள் நிலத்து மண்ணையே நிரப்புங்கள். ஒன்றில் எதுவும் வேண்டாம். இரண்டாவதில் கிலோவுக்கு 1 கிராம், மூன்றாவதில் 2 கிராம் நன்றாக அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் கலந்து, மூன்றையும் இரண்டு மூன்று வாரம் ஈரமாக வைத்திருங்கள். அப்புறம் ஒரே அளவு மக்காச்சோள விதையை ஊன்றி, 10 நாள் கழித்து வேரைக் கழுவி அளந்து பாருங்கள். அந்த வயதில் நாற்று விதையில் உள்ள மணிச்சத்தில்தான் வாழ்கிறது. ஆகவே வேர் நீளத்தில் தெரியும் வித்தியாசத்துக்கு மணிச்சத்தைக் காரணம் சொல்ல முடியாது, பெரும்பாலும் அலுமினியம்தான் காரணமாக இருக்கும்.

அந்தத் தொட்டிகளே உங்களுக்கு அளவையும் சொல்லும். ஒரு ஹெக்டேரின் மேல் 15 செ.மீ. மண் சுமார் 20 லட்சம் கிலோ. கிலோவுக்கு 1 கிராம் என்றால் ஹெக்டேருக்கு 2 டன், சதுர மீட்டருக்கு 200 கிராம். வேரை நிமிர்த்திய மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வந்தால் 1 கிராமே போதும். பி.எச். ஒரே மாதிரி இருந்தாலும் களியும் மட்கும் மிகுந்த மண் அதிகச் சுண்ணாம்பைக் கேட்கும், மணற்பாங்கான மண் கொஞ்சத்திலேயே மாறிவிடும். அதனால்தான் 4.6 என்ற ஒரு எண்ணை வைத்து மூட்டைக் கணக்கு சொல்ல நான் தயங்குகிறேன். பரிசோதனைக்கூடத்தில் "சுண்ணாம்புத் தேவை" என்று தனியாகக் கேட்டாலும் பார்த்துத் தருவார்கள்.

குறி 5.5-க்கும் 6-க்கும் நடுவே இருந்தால் போதும். அங்கே அலுமினியம் அடங்கிவிடும். 7-ஐ எட்ட வேண்டும் என்று கொட்டினால் துத்தநாகம், இரும்பு, மாங்கனீஸ், போரான் என்று வேறு பற்றாக்குறைகள் வரிசையாக வரும். சுட்ட சுண்ணாம்பு வேண்டாம். அது கையையும் கண்ணையும் சுடும், அளவு தவறினால் மண்ணையும் கெடுக்கும். மக்னீசியமும் குறைவு என்று அறிக்கையில் இருந்தால், மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட்டின் தூள் நல்லது. விதைப்புக்குச் சில மாதம் முன்னால் போட்டு, 15 செ.மீ. ஆழம் வரை கலந்துவிடுங்கள். யூரியாவையும் புதுச் சாணத்தையும் அதே நாளில் சேர்க்காதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துபோகும்.

சுண்ணாம்பு தானாகக் கீழே இறங்குவது மிக மெதுவாகத்தான். அடிமண்ணும் அமிலமாக இருந்தால் ஜிப்சம் உதவும். அது பி.எச்.-ஐ உயர்த்தாது, ஆனால் கால்சியத்தை ஆழத்துக்குக் கொண்டுபோகும், அதிலுள்ள சல்பேட் அலுமினியத்தின் நஞ்சைத் தணிக்கும். பிரேசிலின் செராடோ புல்வெளிகள் விளைநிலமாக மாறியதில் சுண்ணாம்புக்கும் ஜிப்சத்துக்கும் மணிச்சத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த முயற்சிக்காக 2006-ல் மூன்று பேருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

மட்கிய எருவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சேருங்கள். வேர் கசியவிடும் அமிலம் செய்யும் வேலையைத்தான் மட்கில் உள்ள கரிம அமிலங்களும் செய்கின்றன. அலுமினியத்தைப் பிடித்து வைக்கும், மணிச்சத்து பூட்டப்படுவதையும் குறைக்கும். மணிச்சத்து உரத்தை நிலமெங்கும் தூவாமல் விதை வரிசைக்குப் பக்கத்தில் கோடாக இடுங்கள். குறைந்த மண்ணைத் தொட்டால் குறைவாகப் பூட்டப்படும். ராக் பாஸ்பேட் என்ற மணிச்சத்துப் பாறைத்தூளைப் போடலாமா என்று யோசித்தால், அது கரைய அமிலம் வேண்டும். சுண்ணாம்பு போடாத ஓரத்துக்குத்தான் பொருந்தும். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும்.

முதல் வருடம் முழு நிலத்தையும் தொட வேண்டாம் என்பது என் யோசனை. பாதியில் சுண்ணாம்பு போட்டு பீன்ஸ், மீதியில் இந்த மண்ணைத் தாங்கும் மரவள்ளியோ அன்னாசியோ. தேயிலைக்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கும் சுண்ணாம்புத் தூள் பறந்து விழாமல், மழையில் வழிந்து வராமல் நடுவில் ஒரு சிறு வரப்பு போட்டுவிடுங்கள். ஹைட்ரேஞ்சியாவின் அடியில் டி.ஏ.பி.யும் வைக்காதீர்கள். மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டால், அடுத்த பூக்கள் மறுபடி இளஞ்சிவப்புக்குத் திரும்பிவிடும்.